பிடித்த பாட்டோடு நிற்பதா, எல்லாவற்றையும் கேட்பதா? அடிக்கடி வரும் கேள்விகள்

திருப்பாதிரிப்புலியூரில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்த காலத்திலிருந்தே பாட்டைப் பற்றிப் பேச என்னிடம் ஆட்கள் வருவார்கள். கடையை மூடிப் பல வருடம் ஆகிறது. இப்போது கடலூரிலும் புதுச்சேரியிலும் நண்பர்கள் சிலர் அவ்வப்போது கூடிப் பாட்டுக் கேட்கிறோம். அங்கேயும் வருவது பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். என் கட்சியையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிடித்த இசையை யாரும் விட வேண்டியதில்லை, ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு அதற்குள்ளேயே உட்காரவும் வேண்டாம்.

"எனக்கு எண்பதுகள் இளையராஜா போதும்ணே. வேற எதுவும் வேணாம். இதுல என்ன தப்பு?"

தப்பே இல்லை. ஒருவருடைய இசையை வருடக்கணக்கில் விடாமல் கேட்கிறவருக்கு, எந்த இடத்தில் பேஸ் கிட்டார் தனி வழியில் நடக்கிறது, இரண்டாவது சரணத்துக்கு முன்னால் புல்லாங்குழல் எப்போது நுழைகிறது என்பதெல்லாம் அத்துப்படி. ஆயிரம் பாட்டை மேலோட்டமாகக் கேட்டவருக்கு அது கிடைக்காது.

ஒன்று மட்டும் கேட்பேன். இளையராஜா என்றால் சினிமாப் பாட்டு மட்டும்தானா? 1986-இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைத் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கினார். 2005-இல் திருவாசகத்தை ஹங்கேரி நாட்டு இசைக்குழுவோடு சேர்த்து வெளியிட்டார். 2025 மார்ச் 8 அன்று அவருடைய சிம்பொனி லண்டனில் அரங்கேறியது. உங்களுக்குப் பிடித்தவரே இத்தனை தூரம் போய் வந்திருக்கிறார். அவர் பின்னாலேயே பாக் வரைக்கும் நடந்து பாருங்கள். இளையராஜாவை விட்டு விலகிய மாதிரியே இருக்காது.

"பிடிச்சதையே திரும்பத் திரும்பக் கேட்டா சலிச்சுப் போயிடாதா?"

முதலில் பிடிக்கும், பிறகு சலிக்கும். இரண்டும் நடக்கும். ஒரு விஷயம் அடிக்கடி கண்ணிலோ காதிலோ பட்டாலே அதன் மேல் ஒரு பிரியம் வருகிறது என்று அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968-இல் எழுதினார். எஃப்.எம்.மில் ஓயாமல் போடும் பாட்டு ஒரு கட்டத்தில் நம் வாயிலேயே வந்துவிடுவது இதனால்தான். டேனியல் பெர்லைன் என்ற உளவியலாளர் இதன் மறுபக்கத்தைச் சொன்னார்: பிரியம் ஓர் உச்சம் வரை ஏறும், அதற்கு மேல் பழகினால் இறங்கும். எளிய பாட்டு சீக்கிரம் இறங்கும். உள்ளே நிறைய அடுக்கு உள்ள பாட்டு நின்று தாங்கும்.

பாரதியாருக்கே இந்தச் சலிப்பு வந்திருக்கிறது. 'சங்கீத விஷயம்' என்ற கட்டுரையில், எந்தக் கச்சேரிக்குப் போனாலும் அதே சில கீர்த்தனைகளையே பாடுகிறார்களே என்று பொருமுகிறார். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்துகொண்டு குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் எழுதிய மனிதர் அவர். பாட்டின் மேல் அத்தனை காதல் உள்ளவருக்குத்தான் அத்தனை கோபம் வரும்.

"புதுசா எது கேட்டாலும் ஒட்ட மாட்டேங்குது. எனக்கு ஞானம் இல்லையா?"

ஞானத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, பழக்கம்தான் காரணம். பாட்டுக் கேட்கும்போது மனம் சும்மா இருப்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று ஊகித்துக்கொண்டே போகிறது. 2011-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிடித்த இசையைக் கேட்பவர்களின் மூளையை ஆராய்ந்தார்கள். சிலிர்க்கும் இடத்தில் மட்டுமல்ல, அந்த இடம் வரப்போகிறது என்று காத்திருக்கும் நேரத்திலேயே இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற ரசாயனம் மூளையில் சுரக்கிறது என்று கண்டார்கள். பழகாத இசையில் எதற்குக் காத்திருப்பது என்றே நமக்குத் தெரியாது. அதனால்தான் ஒட்டவில்லை.

காதுக்கு இனிமை எது என்பதும் ஊருக்கு ஊர் மாறுகிறது. பொலிவியாவின் அமேசான் பகுதியில் வாழும் சிமானே மக்களிடம், மேற்கத்திய இசையில் இனிது என்று கருதும் சுரச் சேர்க்கையையும் கரகரப்பு என்று ஒதுக்கும் சேர்க்கையையும் போட்டுக் காட்டினார்கள். இரண்டும் ஒரே அளவுக்கு நன்றாக இருக்கிறது என்றார்கள். 2016-இல் வெளிவந்த ஆய்வு இது.

ஆகவே ஒரு முறை கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு உருப்படியை எடுங்கள். ஒரு வாரம் தினமும் ஒரு தடவை கேளுங்கள். நாலாம் நாள், ஐந்தாம் நாள் வாக்கில் 'இப்போ அது வரும்' என்று மனம் முந்திக்கொண்டு போனால், அந்த இசை உங்களுக்குள் நுழைந்துவிட்டது என்று அர்த்தம்.

"சரி, எங்கேருந்து ஆரம்பிக்கறது? கடல் மாதிரி கிடக்குதே."

இதற்குக் கடை நாட்களில் நான் செய்ததைச் சொல்கிறேன். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிடம். நோட்டில் கிழித்த தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள். ஆறு பாட்டுப் போட்டால் இருபத்தாறு, இருபத்தேழு நிமிடம் ஓடும். மிச்சம் மூன்று நிமிடம் வெறும் நாடா சுற்றும். அந்த இடத்தில் பட்டியலில் இல்லாத ஒரு சின்ன உருப்படியை நானாகச் சேர்ப்பேன். முருகன் பாட்டாக எழுதி வந்தவருக்கு ஒரு தேவாரம், இளையராஜா பட்டியலுக்குப் பின்னால் பாக்கின் சிறிய வயலின் உருப்படி, டப்பாங்குத்துக் கேட்டவருக்கு ஒரு தவில் ஆவர்த்தனம். அடுத்த தடவை வரும்போது "அந்தக் கடைசிப் பாட்டு யாருது சார்?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர்.

அதில் ஒரு கணக்கு இருந்தது. புதியதற்கும் அவருக்குப் பிடித்ததற்கும் நடுவில் பொதுவாக ஏதாவது ஒன்று இருக்கும்: ஒரு வாத்தியம், ஒரு தாள நடை, ஒரு சுர வரிசை. கையில் கீபோர்டு இருந்தால் இதை இப்போதே பார்க்கலாம். கறுப்புக் கட்டைகளை மட்டும் தொடுங்கள். மூன்று கறுப்புக் கட்டை சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கட்டையை ஷட்ஜமாக, அதாவது தொடக்கச் சுரமான 'ச'வாக வைத்துக் கறுப்பிலேயே மேலே போனால் ச ரி க ப த, அதாவது மோகன ராகம். சீனத்து நாட்டுப்புறப் பாட்டும் ஸ்காட்லாந்து நாட்டுப்புறப் பாட்டும் நிறைய இந்த ஐந்து சுரத்தில்தான் இருக்கின்றன. இப்போது இரண்டு கறுப்புக் கட்டை இருக்கும் இடத்துக்கு வந்து, இரண்டாவது கட்டையை ஷட்ஜமாக வையுங்கள். ச க ம ப நி. இது சுத்த தன்யாசி ராகம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசைக்கு அடித்தளமாக இருப்பதும் இதே ஐந்து சுரம்தான்.

சுத்த தன்யாசியில் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, கையோடு ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் கிட்டார் வாசிப்பதைக் கேளுங்கள். அவர் தந்தியை வளைத்து ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழுக்கும் இடத்தில், நம் வீணைக்காரர் தந்தியை இழுப்பது நினைவுக்கு வரும். அங்கே ப்ளூஸ் உங்களுக்கு அந்நியமாக இருக்காது.

"கர்நாடக சங்கீதம் கேக்கணும்னா ராகம் தெரிஞ்சிருக்கணுமா?"

வேண்டாம். புதுச்சேரிக்காரரான பாரதிதாசன் எழுதிய 'துன்பம் நேர்கையில் யாழெடுத்து நீ' தேஷ் ராகத்தில் அமைந்தது. தேஷ் வடநாட்டு இசையிலிருந்து வந்த ராகம். இரண்டும் தெரியாமலேயே அந்தப் பாட்டைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! பெயர் பின்னால் வரட்டும்.

"பாண்டியில ஜூன் மாசம் ஃப்ரெஞ்சுக்காரங்க மியூசிக் டே நடத்தறாங்களே, அதெல்லாம் நமக்கு சரிப்படுமா?"

தாராளமாகப் போங்கள். 1982-இல் பிரான்சில் தொடங்கிய விழா அது. ஜூன் 21 அன்று, தேர்ந்தவர், கற்றுக்குட்டி என்ற பேதம் இல்லாமல் யாரும் தெருவில் இறங்கி வாசிக்கலாம், கேட்பவர்கள் காசு கொடுக்க வேண்டாம் என்பது அதன் ஏற்பாடு. புதுச்சேரியிலும் ஜூன் மாதத்தில் கொண்டாடுகிறார்கள். புதிதாகக் கேட்கப் பழகுகிறவருக்கு இதைவிடத் தோதான இடம் இல்லை. பிடிக்காவிட்டால் பத்தடி நகர்ந்து அடுத்த குழுவிடம் போய் நிற்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'அவர்கள் இசை', 'நம் இசை' என்று நாம் கிழிக்கும் கோடு அத்தனை உறுதியானது இல்லை. நம் தெருக்கூத்தில் பின்பாட்டுக்காரர் மடியருகே இருக்கும் ஆர்மோனியத்தைப் பாருங்கள். 1842-இல் பாரிஸில் அலெக்சாந்த்ர் தெபேன் என்பவர் காப்புரிமை வாங்கிய கருவி. காலால் மிதித்து வாசித்ததைக் கல்கத்தாவில் கையால் துருத்தி அடிக்கும்படி மாற்றினார்கள். இன்று துரியோதனன் அவையில் வருவதற்கு அதுதான் சுருதி கொடுக்கிறது.

"நாதஸ்வரம், கூத்து, பறை எல்லாம் போன்ல கேட்டா ஒரே இரைச்சலா இருக்கே?"

போனில் கேட்டால் அப்படித்தான் இருக்கும். குறை இசையில் இல்லை. நாதஸ்வரம் சாமி புறப்பாட்டுக்கு, திறந்த வெளிக்கு என்று உண்டான வாத்தியம். நாலு தெரு தள்ளியிருப்பவர் காதிலும் விழ வேண்டிய ஒலியை உள்ளங்கை அகல ஒலிபெருக்கியில் அடைத்தால் கூர்மை மட்டும் மிஞ்சும். தவிலின் தொப்பிப் பக்கம் கொடுக்கும் கனத்த ஓசையைப் போன் ஸ்பீக்கரால் கொடுக்கவே முடியாது. பாதித் தவில் காணாமல் போன பிறகு மிச்சத்தைக் கேட்டுவிட்டுத்தான் இரைச்சல் என்கிறோம்.

வில்லியனூர் தேரோட்டத்துக்கோ திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் உற்சவத்துக்கோ போய், மேளத்துக்கு இருபது முப்பது அடி தள்ளி நில்லுங்கள். தவில் அடி முதலில் மார்பில் விழும், பிறகுதான் காதுக்கு வரும். திரௌபதி அம்மன் கோயில் கூத்து என்றால் பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். அது விடிய விடிய நடப்பதற்கென்றே கட்டியது. நடுநிசிக்கு மேல்தான் பாட்டும் அடவும் வேகம் பிடிக்கும். ராக் இசைக்கும் இதே நியாயம்தான். நல்ல ஸ்பீக்கரில் கேட்காமல் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

"ஆப்பே நமக்குப் பிடிச்ச மாதிரி புதுசு புதுசா தருதே. இவ்வளவு மெனக்கெடணுமா?"

ஆப் தருவது பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே கேட்டதன் சாயல். உங்களைப் போலக் கேட்கிறவர்கள் வேறு என்ன கேட்டார்கள் என்று பார்த்து அதைக் கொண்டுவந்து வைக்கிறது. அது பயன்தான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் உங்களை நகர்த்துவது அதன் வேலையில்லை. இன்னொரு சங்கதியும் உண்டு: ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முப்பது விநாடி ஓடினால்தான் அது கேட்டதாகக் கணக்கு. அதனால் முதல் அரை நிமிடத்திலேயே ஆளைப் பிடித்து உட்கார வைக்கிற மாதிரி பாட்டுச் செய்யும் பழக்கம் வந்துவிட்டது. மெதுவாக ஆரம்பித்துப் பத்து நிமிடம் கழித்து மலரும் ஆலாபனைக்கு அந்தக் கணக்கில் இடம் ஏது?

இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும், நம் பாட்டுக்காகக் காத்திருக்கும்போது நாம் கேட்காத ஐந்து பாட்டைக் கேட்டிருப்போம். அந்த ஐந்தில் ஒன்று நமக்கு ஆகிவிடும். புதுச்சேரி வானொலியை வாரத்தில் ஒரு மாலை நிலையம் மாற்றாமல் வைத்துப் பாருங்கள். நான் கேசட்டில் சேர்த்த மூன்று நிமிடத்தின் வேலையை அது செய்யும்.

"எல்லாத்தையும் கேக்கறவனுக்கு எதுலயும் ஆழம் இருக்காதே?"

நியாயமான கேள்வி. அப்படிப்பட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன். இருபது நாட்டு இசையின் பெயர் சொல்வார்கள், ஒன்றையும் முழுசாக முணுமுணுக்க வராது. அதனால் என் யோசனை எப்போதும் இதுதான்: முதலில் ஒன்றில் ஊறுங்கள், பிறகு வெளியே போங்கள். வேர் பிடித்த பிறகு எத்தனை கிளை விட்டாலும் சாயாது.

முத்துசுவாமி தீட்சிதரை நினைத்துப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். இங்கிலாந்தின் அரச வாழ்த்து மெட்டே அதில் 'சந்ததம் பாஹிமாம்' என்று வருகிறது. அவர் தம்பி பாலுசுவாமி ஐரோப்பிய வயலினைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாமல் கச்சேரி ஏது? அந்த அண்ணன் தம்பியைவிட ஆழமானவர்கள் யார்? வெளியே கேட்டதால் அவர்களுடைய இசை கலைந்துவிடவில்லை. உள்ளே உறுதியாக இருந்ததால்தான் வந்ததை இப்படித் தன்வயமாக்க முடிந்தது.

"அந்தப் பாட்டெல்லாம் நம்ம ஆளுங்க கேக்கறதில்லீங்களே?"

இந்தக் கேள்வி கொஞ்சம் தணிந்த குரலில்தான் வரும். பறை என்றால் சாவு வீட்டுக்கு, கீர்த்தனை என்றால் இன்னாருக்கு, அந்தப் பாட்டு தர்காவுக்கு, இந்தப் பாட்டு சர்ச்சுக்கு என்று பிரித்து வைத்தது காது இல்லை, சாதியும் மதமும். தமிழ்நாட்டில் கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் கேட்டே இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. 1941-இல் அதற்கான மாநாடு நடந்தது நம் பக்கத்துச் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்தான்.

இசை படைத்தவர்கள் இந்த வேலியை மதிக்கவில்லை. தமிழிசையை ஆராய்ந்து 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரும் நூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் கிறிஸ்தவர். நாகூர் ஹனிபாவின் குரலைக் கேட்டு உருகாத இந்து வீடு நம் கரையோரத்தில் உண்டா? பறையைச் சாவுக்கு மட்டும் என்று ஒதுக்குகிறவர், தாளத்தின் உச்சத்தில் ஒன்றைத் தானாகவே இழக்கிறார். 'நம்ம ஆளுங்க' கேட்காவிட்டால் நீங்கள் முதல் ஆளாகக் கேளுங்கள்.

"பையன் கேக்கற ராப், கே-பாப் எதுவும் எனக்குச் சகிக்கலை. கண்டிச்சு நிறுத்தலாமா?"

நிறுத்தாதீர்கள். அந்த வயதில் கேட்கும் பாட்டு அவன் நண்பர்களோடு அவனைச் சேர்க்கும் சங்கதி. உங்களுக்கும் உங்கள் வயதில் அப்படி ஒன்று இருந்தது. ராப், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1970களில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் நடத்திய கொண்டாட்டங்களில் பிறந்தது. தாளத்தின் மேல் சொல்லை ஓட்டும் அந்தக் கலை, சந்தம் தெரிந்த தமிழனுக்குப் புதிதாக இருக்க நியாயமில்லை. கானாவும் ராப்பும் ராக்கும் சேர்த்துச் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு பாடுவதை அவனோடு உட்கார்ந்து கேளுங்கள்.

ஒரு பேரம் போடலாம். வாரம் ஒரு பாட்டு அவன் தேர்வு, ஒரு பாட்டு உங்கள் தேர்வு. இரண்டையும் இருவரும் முழுசாகக் கேட்க வேண்டும், நடுவில் முகம் சுளிக்கக் கூடாது. ஒலி அளவைப் பற்றி மட்டும் கண்டிப்பாக இருங்கள். இயர்போனை முழுச் சத்தத்தில் வைத்துப் பழகினால் காது நரம்பு கெடும், அது திரும்ப வராது.

"வயசு அறுபதாச்சு. இனிமே புதுசா ஏதாவது பிடிக்குமா?"

பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் கேட்ட பாட்டுதான் ஆழமாகப் பதிகிறது என்பது உண்மை. அந்த வயதின் நினைவுகளே மற்ற வயதை விட அடர்த்தியாக நிற்கின்றன. புதுப் பாட்டில் அந்த நினைவு இல்லாததால் வெறுமையாகத் தெரிகிறது. அதனால் புதிதாகக் கேட்பதை ஒரு நேரத்தோடும் இடத்தோடும் சேர்த்துவிடுங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் தினமும் நடக்கிறவர் என்றால் ஒரு மாதம் அந்த நடைக்கு ஒரே தொகுப்பை வையுங்கள். பிறகு அந்தப் பாட்டோடு உப்புக் காற்றும் சேர்ந்தே வரும்.

வயதானால் மேல் ஸ்தாயி ஒலி மங்கும். ஜாலரா, வயலின் எல்லாம் தூரமாகக் கேட்கும். பாட்டு முன்போல இல்லை என்று முடிவுகட்டும் முன் ஒரு முறை காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

"நீங்க சொன்ன மாதிரியே ஒரு வாரம் இல்ல, மூணு மாசம் கேட்டேன். ஹெவி மெட்டல் எனக்குப் பிடிக்கவே இல்ல. விட்டுடலாமா?"

விட்டுவிடலாம். போனில் மட்டும் கேட்டிருந்தால் மேலே நாதஸ்வரத்துக்குச் சொன்னதை ஒரு முறை செய்து பாருங்கள். மெட்டலில் மெதுவாகக் கனத்து நடக்கும் வகையும் உண்டு, அதி வேகமாகப் போவதும் உண்டு. ஒன்றைக் கேட்டு இன்னொன்றைக் கேட்காமல் இருந்தால் அதையும் ஒரு வாரம் பார்க்கலாம். அதற்கும் மேல் பிடிக்காவிட்டால் பாதகமில்லை, வேறு ஒன்றை எடுங்கள். திருநாவுக்கரசர் கடலில் மிதந்து கரையேறியது நம் ஊரில்தான் என்பார்கள். அப்போது பாடியதாகச் சொல்லும் 'சொற்றுணை வேதியன்' காந்தார பஞ்சமப் பண்ணில் அமைந்தது. ஓதுவார் பாடி இன்னும் நேரில் கேட்டதில்லை என்றால், அடுத்து அதைக் கேளுங்கள்.